குறையார் குடிபெயர்கிறார்

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது அவரைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால், அது வாய் தவறி வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஓய்வூதிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு வைத்த பெயர் குறையார். வைத்த மகராசன் யாரென்று தெரியவில்லை, ஆனால் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்திப் போயிற்று. அவர் மேசைக்கு எந்த மனு போனாலும் அதில் ஒரு குறை இருக்கும். ஒன்றே ஒன்றுதான் சொல்வார். முதல் நடைக்குப் புகைப்படம் மங்கல் என்பார். படத்தை மாற்றிக்கொண்டு போனால் முகவரியில் கதவு எண் இல்லை என்பார். அதை எழுதிக்கொண்டு போனால், எழுதிய மையின் நிறம் வேறு என்பார். எல்லாக் குறையும் அவருக்கு முதல் நாளே தெரியும். ஆனால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் வந்தவர் ஒரே நடையில் முடித்துக்கொண்டு போய்விடுவாரே, அப்புறம் இவரை யார் மதிப்பது?

லஞ்சம் வாங்கமாட்டார். அதுதான் கொடுமை. வாங்குகிற ஆளாக இருந்தால் கொடுத்துத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவருக்கு வேண்டியதெல்லாம் மேசைக்கு எதிரே ஒரு வயசாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அந்தக் காட்சியைக் கண்ணாரக் கண்டால்தான் மனிதருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கும்.

நான் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன். என் கோப்பும் அவரிடம்தான் போயிற்று. ஒரு நாள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "மச்சான், உங்க ஃபைல்ல ஒண்ணு குறையுது. ஆபீசுக்கு வாங்க, சொல்றேன்" என்றார். என்ன குறை என்று கேட்டேன். "அத இங்க சொல்லக்கூடாது. வீடு வேற, ஆபீஸ் வேற" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். மறுநாள் போய் வரிசையில் நின்றேன். ஒரு பக்கத்தில் என் கையெழுத்து நிமிர்ந்திருக்கிறதாம், இன்னொரு பக்கத்தில் சாய்ந்திருக்கிறதாம். இரண்டு பேர் போட்டதுபோல் இருக்கிறதாம். அவர் கல்யாணத்துக்கே சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

இப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்றதும் என்ன ஆனார் என்று நினைக்கிறீர்கள்? எதிரில் நிற்க ஆள் இல்லாமல் தவித்துப் போனார். பால்காரரிடம் பாக்கெட்டின் ஓரம் நசுங்கியிருக்கிறது என்று சண்டை பிடித்தார். பேப்பர் போடுகிறவர் கேட்டுக்கு வெளியிலேயே வீசிவிட்டு ஓடத் தொடங்கினார். கடைசியில் மிஞ்சியது அக்காதான். துண்டு மடித்தது சரியில்லை, டம்ளர் கவிழ்த்தது சரியில்லை, ஜன்னல் திறந்தது சரியில்லை என்று நாள் முழுக்க அவள் பின்னாலேயே நடந்தார். அக்கா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே "ம்" கொட்டுவாள். அவர் குரல் ஏறினால் அவள் மெஷினின் வேகமும் ஏறும். அந்த வீட்டில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைத் தெருவில் நின்றே சொல்லிவிடலாம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுப் பல வருஷமாகத் தைக்கிறாள். புதுத்துணி அதிகம் கிடையாது. ஜிப் மாற்றுவது, பேண்ட்டைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிரித்து விடுவது, கிழிந்ததை ஒட்டுப் போடுவது, இவைதான். ஆஸ்பத்திரி நர்ஸ், பள்ளிக்கூட டீச்சர், பேங்க் வாசலில் நிற்கும் காவலாளி என்று யாராவது ஒருவர் அந்த அறையின் பெஞ்சில் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். இடுப்பு அளவை வைத்தே ஒரு வீட்டின் நிலவரத்தைச் சொல்லிவிடுவாள். காவலாளி ஒரு தடவை பேண்ட் இடுப்பைச் சுருக்கிப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி வந்தபோது, "இவ்வளவு இளைச்சுப் போயிருக்கீங்க, முதல்ல டாக்டர்கிட்ட போங்க, அப்புறம் பிடிச்சுத் தரேன்" என்று துணியை வாங்காமலே அனுப்பினாள். அவர் போனார், சர்க்கரை என்று சொன்னார்கள், இப்போது மாத்திரையில் நடமாடுகிறார். அக்காவின் மகள் படித்து முடித்ததும் இந்த மெஷினின் புண்ணியத்தில்தான். குறையார் அதைக் "கைச்செலவு" என்று சொல்வார்.

இந்த நேரத்தில்தான் அவருடைய செல்போனில் அந்த வீடியோ வந்தது. ஏதோ ஒரு கடலோர நாடு ஓய்வூதியம் வாங்குகிறவர்களைக் கூப்பிட்டுக் குடிவைக்கிறதாம். மாதாமாதம் இவ்வளவு வருமானம் வருகிறது, சாகிற வரைக்கும் வரும் என்று காட்டினால் போதுமாம், தங்கிக்கொள்ள அனுமதி கொடுத்துவிடுவார்களாம். வீடியோவில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு கிழத் தம்பதி கைகோத்துக் கடற்கரையில் நடந்துபோனார்கள். கட்டிய நாளிலிருந்து அக்காவின் கையைப் பிடித்து ஒரு தெருவைக்கூடக் கடக்காத மனுஷன், அதைப் பார்த்துத் தலைகுப்புற விழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வாயில் வந்ததெல்லாம் "அங்கெல்லாம்"தான். "அங்கெல்லாம் எவனும் ஹாரன் அடிக்க மாட்டான், மச்சான். அங்கெல்லாம் ரோட்டுல ஒரு காகிதம் பாக்க முடியாது. அங்கெல்லாம் கவர்மெண்ட் ஆபீசுக்குப் போனா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும், இங்க மாதிரி இழுத்தடிக்க மாட்டான்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நரம்பு துடிக்கவில்லை. கண் இமை அசையவில்லை. இப்படி ஒரு தோல் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

வைக்கோல் தொப்பி ஒன்று வாங்கினார். அரைக்கால் சட்டை இரண்டு வாங்கினார். ஆயுளில் வெயில் படாத கால்கள், அவித்து உரித்த கிழங்கு மாதிரி வெளியே வந்தன. அந்தக் கோலத்தில் தெருமுனை வரை நடந்து பழகினார். ஏதோ நோய்க்கு வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் அவரை நலம் விசாரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார். சாப்பாட்டு மேசையில் அந்த நாட்டின் விதிமுறைகளைப் பரப்பி வைத்திருந்தார். நம் மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு" என்று அக்காவைக் கூப்பிட்டார். "அங்க போனதுக்கு அப்புறம் நீ ஒரு ஊசியக்கூடத் தொட வேண்டாம். சட்டமே அப்படித்தான். பென்ஷன்ல வர்றவனும் சரி, அவன் கூட வர்ற சம்சாரமும் சரி, கூலிக்கு எந்த வேலையும் பாக்கக்கூடாது. ராணி மாதிரி உக்காந்துக்கிட்டு இருக்கலாம்."

அக்கா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு நின்றாள். "மெஷின எடுத்துட்டுப் போக முடியாதா?" என்று கேட்டாள்.

"அத எதுக்கு? அங்கெல்லாம் கிழிஞ்சா தூக்கிப் போட்டுடுவான். ஒட்டுப் போடுற நாடு இல்ல அது."

"சும்மா வீட்டுக்குத் தச்சுக்கலாமே."

"நம்ம ரெண்டு பேருக்கு என்னத்தத் தைக்கப் போற?" என்று சிரித்தார். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்து என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டினார். அலுவலகப் புத்தி. கட்டிலுக்கு "விற்பனை", அலமாரிக்கு "விற்பனை", பழைய மின்விசிறிக்கு "தானம்". தையல் மெஷினுக்கு "கழிவு". அந்தச் சீட்டோடுதான் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். நர்ஸ் மட்டும் வாய்விட்டுக் கேட்டாள். "அவரு ஒட்டினது. பசை நல்ல பசை" என்று சொல்லிவிட்டு அக்கா நூலைப் பல்லால் கடித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

"அக்கா, உனக்குப் போக இஷ்டமா?"

"பெட்டியக் கேட்டுட்டா பஸ்ல ஏத்துறாங்க?"

"விளையாடாத. இஷ்டம் இல்லேன்னா சொல்ல வேண்டியதுதான?"

"யாருகிட்ட சொல்றது, தம்பி? கேட்டாத்தான பதில் சொல்றதுக்கு. வெளிநாட்டுக்குப் போலாமான்னு அவரு கேக்கல. போறோம்னு சொன்னாரு. அதுக்கு என்ன பதில் இருக்கு?"

"நான் வேணா கேட்டுப் பாக்கவா?"

"நீ கேட்டா, மச்சான் தூண்டிவிட்டான்னு உன் மேல பாய்வாரு. விடு." ஒரு துணியை உதறி மடியில் போட்டுக்கொண்டாள். "இந்த ரூம விட்டுட்டு அங்க போய் அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்னு நெனச்சா, நெஞ்சு அடைக்குது. அவ்வளவுதான்."

அக்கா தன் மனசில் உள்ளதை இப்படி உடைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குறையார் மனுவுக்கான வேலைகளில் இறங்கினார். ஏஜெண்டிடம் போகவில்லை. ஏஜெண்ட் என்றால் அவருக்கு இளக்காரம். "மனு எழுதுறத எனக்கு ஒருத்தன் கத்துக் குடுக்கணுமா?" என்றார். போலீஸ் சான்றிதழ் வந்தது, மருத்துவச் சான்றிதழ் வந்தது. ஓய்வூதியச் சான்றிதழ் மட்டும் அவருடைய பழைய அலுவலகத்திலிருந்தே வர வேண்டும். அவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர், அவரிடமே வேலை கற்றுக்கொண்ட ஆள்.

முதல் நாள் போனார். புகைப்படம் மங்கல் என்று திருப்பி அனுப்பினார்கள். மாற்றிக்கொண்டு போனார். கதவு எண் இல்லை என்றார்கள். எழுதிக்கொண்டு போனார். மை நிறம் வேறு என்றார்கள். இவர் கொஞ்சம் குரலை உயர்த்தினாராம். அந்த ஆள் எழுந்து நின்று மரியாதையாக, "சார், நீங்க கத்துக் குடுத்ததுதான் சார்" என்று சொன்னாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. மனிதர் இன்றைக்காவது தன்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஆசைப்பட்டேன். எங்கே? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆளு நல்லாத் தயாராயிட்டான், மச்சான். ஆபீஸ் நல்ல கையில இருக்கு" என்றார். பெருமையில் அவர் குரல் தழுதழுத்தது. இப்படிப்பட்டவரை எதைக் கொண்டு அடித்தாலும் வலிக்காது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நாலாவது நடையில் சான்றிதழ் கைக்கு வந்தது. மனு கொடுக்கப் போவதற்கு முந்தைய நாள் என்னை வரச் சொன்னார். அந்த நாட்டுக்கான விசா அலுவலகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. என் காரில் அழைத்துப் போக வேண்டும். மனுவைப் பிள்ளையைப் போல் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மூலைக்கு மூலை சரியாக இருந்தது. நானே ஒத்துக்கொள்கிறேன், அப்படி ஒரு மனுவை நான் பார்த்ததில்லை.

"எல்லாம் சரியா இருக்குதா, அத்தான்?" என்றேன்.

"ஒண்ணு குறையுது" என்றார். பழைய சிரிப்பு வந்தது முகத்தில். "வேணும்னேதான் விட்டிருக்கேன். கடைசிப் பக்கத்துல உங்க அக்கா கையெழுத்து இல்ல."

"மறந்துட்டாளா?"

"நான்தான் போட வேணாம்னேன். மச்சான், உங்களுக்கு மெஷின் தெரியும், ஆபீஸ் தெரியாது. ஒரு மனுவுல குறையே இல்லேன்னு வைங்க, கவுண்டர்ல இருக்குறவனுக்குக் கோபம் வரும். என்னடா, நமக்கு வேலையே வெக்கலையேன்னு உள்ள பூந்து தேடுவான். தேடினா எதையாவது கண்டுபிடிப்பான். அதனால விவரம் தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்னா, சின்னதா ஒரு எலும்பு போட்டு வெப்பான். அவன் அதக் கவ்விக்கிட்டு, இங்க கையெழுத்து இல்லையேன்னு சந்தோஷமாக் கேப்பான். அடடா, விட்டுப்போச்சேன்னு அங்கயே போட்டுக் குடுத்துடலாம். அவனுக்கும் திருப்தி, நமக்கும் வேலை முடிஞ்சுது. என்கிட்ட வக்கீல் குமாஸ்தா ஒருத்தன் இப்படித்தான் செய்வான். தெரிஞ்சும் நான் ஏமாந்திருக்கேன்."

"எலும்புக்கு அக்கா கையெழுத்துதானா கிடைச்சுது?"

"அதுதான் சுலபம். அவ எங்க காட்டினாலும் போட்டுடுவா."

அங்கெல்லாம் ஒரே நாளில் வேலை முடியும் என்று தெருவெல்லாம் பேசியவர் இவர்தான். ஆனால் அந்த நாட்டின் அலுவலகத்திலும் தன்னைப் போலவே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தன்னைவிட்டால் உலகத்தில் வேறு மாதிரி மனுஷன் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க அவருக்கு மூளை வளைந்து கொடுக்காது.

மறுநாள் போனோம். குளிர்சாதனம் போட்ட கூடம், வரிசையாக இரும்பு நாற்காலிகள், சுவரில் கண்ணாடி போட்ட கவுண்டர்கள். டோக்கன் எண் வந்ததும் மூன்று பேரும் போய் நின்றோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே மைக்கில் பேசினாள். அது கூடம் முழுக்கக் கேட்டது. நம் மொழி பேசுகிறவள்தான்.

பக்கங்களைச் சரசரவென்று புரட்டினாள். வருமானச் சான்றிதழுக்கு ஒரு டிக், மருத்துவச் சான்றிதழுக்கு ஒரு டிக். எதையும் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கவில்லை. குறையார் முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம். இவ்வளவு அழகான மனுவை இப்படியா புரட்டுவது? கடைசிப் பக்கத்தில் அவள் கை நின்றது. அவர் என் விலாவில் இடித்தார்.

"இதுல மேடம் கையெழுத்து இல்லையே" என்றாள் அந்தப் பெண்.

"அடடா, விட்டுப்போச்சா?" என்றார் குறையார். என்ன நடிப்பு. பேனாவை ஏற்கெனவே மூடி திறந்து கையில் வைத்திருந்தார். "இப்பவே போடச் சொல்றேன். இந்தா, இங்க போடு."

"இருங்க சார். இது அவங்க சொந்த விருப்பத்துல வர்றாங்கன்னு சொல்ற பக்கம். கையெழுத்து இருந்தா நாங்க எதுவும் கேக்க மாட்டோம். இல்லாம வந்தா, அவங்ககிட்ட தனியாக் கேட்டுத்தான் வாங்கணும். ரூல். நீங்க ரெண்டு பேரும் அங்க போய் உக்காருங்க."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் சொல்றேனே."

"உக்காருங்க சார்."

போய் உட்கார்ந்தோம். அந்தப் பெண் சொல்வது மைக்கில் கேட்டது. அக்காவோ மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"படிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"இல்லம்மா. அவரு பாத்துக்கிட்டாரு."

"படிங்க. ஒண்ணும் அவசரமில்ல."

கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள் அக்கா. வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். குறையார் நாற்காலியில் நெளிந்தார். "என்னத்தப் படிக்கிறா? போட்டுத் தொலைக்க வேண்டியதுதான" என்று முனகினார்.

"இதுல போட்டா நான் தைக்கக்கூடாதா?" என்று அக்கா கேட்டாள்.

"கூலிக்கு எந்த வேலையும் செய்யக்கூடாதும்மா."

"அக்கம்பக்கத்துல யாருக்காவது ஒரு ஜிப் மாத்திக் குடுத்தா?"

"காசு வாங்கினா தப்பு."

அந்தப் பெண் தும்மினாள்.

"போடலேன்னா என்னம்மா ஆகும்?"

"உங்க மனு இதோட நின்னுடும். சார் மனு தனியாப் போகும். பென்ஷன் அவரு பேர்லதான இருக்கு."

"அவருக்கு இதனால ஒண்ணும் கெட்ட பேரு வராதே?"

"வராது."

"அப்ப அவரு மட்டும் போகட்டும்மா."

குறையார் எழுந்தார்.

"உங்களுக்கு விருப்பம் இல்லேன்னு குறிச்சுக்கலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"குறிச்சுக்கோம்மா. இதுவரைக்கும் யாரும் கேக்கல. அதான் சொல்லல."

அக்கா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு திரும்பி நடந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தது. குறையார் அவளைத் தாண்டிக் கவுண்டருக்கு ஓடினார். அடுத்த எண்ணை ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார்கள். வந்த ஆளுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு முன்னால், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். "மேடம், ஒரு நிமிஷம். நாளைக்குக் கையெழுத்து போட்டுக் கொண்டு வந்தா எடுத்துப்பீங்களா?"

"நாளைக்கெல்லாம் கிடையாது சார். இங்க ஒரே தடவைதான்."

நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? கைகட்டி நின்ற அந்த முதுகைப் பார்த்து, எத்தனையோ வயசாளிகள் சார்பில் மனம் நிறையச் சந்தோஷப்பட்டேன். அந்தக் கையெழுத்தை மட்டும் அவர் வீட்டிலேயே போடச் சொல்லியிருந்தால் அக்கா மறுபேச்சில்லாமல் போட்டிருப்பாள். இரண்டு பேரும் விமானம் ஏறியிருப்பார்கள். அவர் போட்ட எலும்பு அவர் தொண்டையிலேயே குத்தியது.

காரில் பாதி தூரம் வந்ததும் அவர் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் நேராக முன்னறைக்குப் போனாள். மெஷினில் இருந்த "கழிவு" சீட்டை நகத்தால் சுரண்டிப் பிய்த்தாள். அதை நாலாக மடித்து, ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த மெஷினின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

குறையாருக்கு அனுமதி வந்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிட்டது. இத்தனை மாதத்துக்குள் வந்து குடியேறலாம் என்று அழகான கடிதம். தெருவில் எல்லோரும் எப்போது பயணம் என்று கேட்டார்கள். தொப்பி ஆணியில் தொங்கியது. மனிதருக்கு அடுப்புப் பற்ற வைக்கத் தெரியாது. தன் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. போனால் தனியாகப் போக வேண்டும், அங்கே டம்ளர் கவிழ்த்தது சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்கிற யோக்கியதை அவருக்கு ஏது?

கடிதத்தில் குறை கண்டுபிடித்தார். முகவரியில் கதவு எண் விட்டுப்போயிருக்கிறது, திருத்தி அனுப்பவும் என்று எழுதிப் போட்டார். வருந்துகிறோம் என்று திருத்தி அனுப்பினார்கள். படம் மங்கல் என்று எழுதினார். நல்ல படமாகப் போட்டு அனுப்பினார்கள். முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது என்று எழுதினார். முழு முத்திரையோடு வந்தது. பாவம், ஒருவேளை எல்லாக் குறையையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று அவர்களே கேட்டிருக்கலாம். கடைசியில், வந்து சேர வேண்டிய காலம் முடிந்துவிட்டது, அனுமதி காலாவதியாகிறது என்று ஒரு கடிதம் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா மச்சான், எப்படி இழுத்தடிச்சுட்டாங்கன்னு? அங்கெல்லாமும் இதே லட்சணம்தான்."

நான் கடிதத்தை வாங்கி மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு, அக்கா தைக்கும் முன்னறையின் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவது. அரைக்கால் சட்டைதான் வேஷம், வாங்கியாயிற்றே. போன வாரம் நான் உள்ளே பெஞ்சில் இருந்தேன். நர்ஸ் தன் யூனிஃபார்மை வாங்க அவசரமாக வந்தாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. குறையார் கால் இரண்டையும் வாசலுக்குக் குறுக்கே நீட்டியிருந்தார். எழுந்திருக்கவில்லை. தலையைச் சாய்த்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்ணு குறையுதும்மா" என்றார். "நாளைக்கு வா."

நர்ஸ் தயங்கி நின்றாள். உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

"உள்ள வாங்க சிஸ்டர், நேத்தே தச்சு வெச்சாச்சு" என்றாள் அக்கா. பிறகு குரலை ஏற்றாமல், "என்னங்க, வழிய விடுங்க" என்றாள்.

குறையார் காலை மடக்கிக்கொண்டார்.